லாபம் கணக்கில் இருக்கிறது, காசு எங்கே?

யாராவது சின்னதாக ஒரு தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது, போடுகிற காசு எத்தனை நாளில் திரும்பக் கைக்கு வரும் என்பதைத்தான். எவ்வளவு லாபம் நிற்கும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. நிறைய முதல் உள்ளவர் இந்த இரண்டையும் எந்த வரிசையில் கேட்டாலும் சமாளித்துக்கொள்வார். இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டிப் போட்டு இறங்குகிறவருக்கு அந்த முதல் கேள்விதான் உயிர்நாடி.

நானும் அக்காவும் நோட்டுப் புத்தகங்களும் டைரிகளும் பைண்டிங் செய்கிறோம். அக்காவுக்குத் தையல் பைண்டிங் நன்றாக வரும். வெட்டு, அட்டை, விற்பனை, கணக்கு எல்லாம் என் பொறுப்பு. தொடங்கும்போது கையில் இருந்தது எங்கள் இருவருடைய சேமிப்பு மட்டும். அதை ஒரே குவியலாக வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு கருவிகளுக்கு, ஒரு பங்கு சரக்குக்கு, மூன்றாவது பங்கு தொடக்கூடாத பணம். ஒரு நோட்டுகூட விற்காவிட்டாலும் மூன்று மாத வாடகையும் மின்கட்டணமும் வீட்டுச் செலவும் கட்டக்கூடிய அளவுக்கு அந்த மூன்றாவது பங்கு இருக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். அதைத் தனிக் கணக்கில் போட்டதால்தான் பின்னால் பல இடங்களில் அவசரப்பட்டு விலையை இறக்காமல் தைரியமாகப் பேச முடிந்தது. கையில் காசு இல்லாதவன் பேரம் பேசினால் அவன் குரலிலேயே எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

கருவிகள் விஷயத்தில் எல்லோரும் சொன்ன ஒரே யோசனை, ஒரு கட்டிங் மிஷின் வாங்கிப் போடு என்பது. நாங்கள் வாங்கவில்லை. ஊசி, நூல், துளை போடும் தமரூசி, ஸ்டீல் ஸ்கேல், கத்தி, மரப்பலகை, ஒரு கை பிரஸ், இவ்வளவுதான். ஓரம் வெட்டுவதற்கு ஒரு அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து வெட்டிக்கொண்டோம். நோட்டு ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தால் அந்தக் கூலி அதிகம்தான். ஆனால் ஆர்டர் இருந்தால்தான் கூலி, இல்லாத மாதத்தில் அந்தச் செலவே கிடையாது. மிஷின் வாங்கியிருந்தால் காகிதமாக மாறி, நோட்டாக மாறி, திரும்பக் காசாக வர வேண்டிய முதல், இரும்பாக மாறி ஒரு மூலையில் நின்றிருக்கும். வெளியில் கொடுக்கும் கூலி ஒரு வருஷத்தில் மிஷின் விலைக்குப் பக்கத்தில் வந்தால் அப்போது வாங்கலாம் என்று ஒரு கோடு போட்டு வைத்தோம். அந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான், அதுவும் பழைய மிஷினாகப் பார்த்து வாங்கினோம்.

அடக்கவிலை போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் மனக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எங்கள் சாதாரண நோட்டு ஏ5 அளவு, 192 பக்கம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். அப்படியானால் ஒரு நோட்டுக்கு 48 தாள். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜி.எஸ்.எம். காகிதத்தில், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதத்தில், ஒரு ஏ4 தாளின் எடை 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ, எங்கள் நோட்டின் உள்தாள் 240 கிராம். அக்கா தாளை எண்ணுவதே இல்லை. மடித்த கட்டைச் சின்னத் தராசில் வைப்பாள். 235 காட்டினால் ஒரு தாள் குறைகிறது, 245 என்றால் ஒன்று கூடிவிட்டது. எண்ணுவதில் போகும் நேரமும் கூலிதானே.

ஒரு ரீமில் பத்து நோட்டுக்கு 480 தாள் போக, மீதி 20 தாள். காகிதத்தில் போடும் கணக்கில் இது அழகாக இருக்கிறது. வேலை நடக்கும்போது ஓரம் மடங்கிய தாள், பசை பட்ட தாள், கோடு சாய்ந்து அச்சான தாள் எல்லாம் வரும். அந்த 20 தாளுக்குள் சேதாரம் நின்றால் பத்து நோட்டு. அதைத் தாண்டினால் ஒன்பதுதான். பத்துக்கு ஒன்று போனால் செலவு 10 சதவீதம் கூடும் என்று தோன்றும். கூடுவது 11 சதவீதத்துக்கு மேல், ஏனென்றால் அதே ரீமின் விலையை இப்போது ஒன்பது நோட்டு சுமக்க வேண்டும். இதனால் ஒவ்வொரு ரீமின் உறையிலும் எத்தனை நோட்டு தேறியது என்று பென்சிலால் எழுதி வைப்பது எங்கள் பழக்கமானது. மாதக் கடைசியில் அந்த உறைகளைப் புரட்டினாலே சேதாரம் எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

அடக்கவிலையில் சேர வேண்டியவை: காகிதம், அட்டை, அட்டைக்கு ஒட்டும் காலிகோ துணி, நூல், பசை, வெட்டுக் கூலி, தைக்கிற கூலி. நம் கைவேலைக்கும் கூலி போட்டே ஆக வேண்டும். வீட்டு ஆள்தானே என்று அக்காவின் நேரத்தைக் கணக்கில் விட்டால், நாளைக்கு வேலைக்கு ஒருவரை வைக்கும்போது அந்த விலை தாங்காது. விலையை அப்போது ஏற்றினால் வாங்குகிறவர் ஏற்க மாட்டார்.

அடுத்தது விலை. உதாரணத்துக்கு ஒரு நோட்டின் நேரடிச் செலவு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 25 சதவீதம் வைத்து 100-க்கு விற்கிறோம். கையில் நிற்பது 20, அதாவது விற்பனை விலையில் 20 சதவீதம். அடக்கத்தின் மேல் வைக்கும் சதவீதமும் விற்பனையில் நிற்கும் சதவீதமும் வேறு வேறு. பேச்சில் இரண்டையும் கலந்துவிட்டால் தள்ளுபடி கேட்கும்போது கையைக் கடிக்கும். மாத வாடகை, மின்சாரம் போன்ற நிலையான செலவு 3,000 என்றால், அதை ஈடுகட்ட 150 நோட்டு விற்க வேண்டும். வாங்குகிறவர் "பத்து சதவீதம் குறைத்துக்கொடுங்கள்" என்கிறார். சின்ன விஷயமாகத்தான் படும். 90-க்குக் கொடுத்தால் நிற்பது 10. இப்போது அதே வாடகையைக் கட்ட 300 நோட்டு வேண்டும். இரண்டு மடங்கு காகிதம், இரண்டு மடங்கு தையல், அதற்கு இரண்டு மடங்கு முதல். இந்தக் கணக்கு மனதில் ஏறிய பிறகு தள்ளுபடி கேட்பவரிடம் நான் விலையை விடுவதில்லை. அட்டையை எளிமையாக்கித் தருகிறேன், பக்கத்தைக் குறைத்துத் தருகிறேன், முழுப் பணமும் முன்னதாகக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் இறங்குகிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காசு தட்டுப்பாடு வந்தது. ஆர்டர் மேல் ஆர்டராக வந்துகொண்டிருந்த நேரம் அது. அக்கா நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு வேலை பாக்குறோம், ஒரு ரீம் வாங்கக் காசில்லைங்கிறே. காசெல்லாம் எங்கேடா போகுது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குப் பதில் சொல்ல அன்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டியதை எளிய எண்களில் தருகிறேன்.

கையில் முதல் 250. முதல் மாதம் 100-க்கு ஒரு ஆர்டர், செலவு 80. மீதி 170. இரண்டாம் மாதம் ஆர்டர் இரட்டிப்பாகிறது, 200. செலவு 160. கையில் 10. வாங்குகிறவர் பணம் தருவது வேலை தொடங்கிய அறுபதாம் நாள். ஆக மூன்றாம் மாதத் தொடக்கத்தில் முதல் ஆர்டரின் 100 வருகிறது, கையில் 110. அப்போது 300-க்கு ஆர்டர் வந்து நிற்கிறது, அதற்குச் செலவு 240. 130 பற்றாக்குறை. இந்த இரண்டு மாதத்தில் கணக்குப்படி லாபம் 60. நஷ்டம் எங்கேயும் இல்லை, யாரும் ஏமாற்றவில்லை. காசு அத்தனையும் அடுத்தவர் அலமாரியில் நோட்டாகவும், நமக்கு வர வேண்டிய பாக்கியாகவும் உட்கார்ந்திருக்கிறது. தொழில் வளர வளர இந்த இழுபறியும் கூடும்.

அதே ஆர்டர்களுக்குப் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கினால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே எழுதினேன். முதல் மாதம் 50 வரவு, 80 செலவு, கையில் 220. இரண்டாம் மாதம் 100 வரவு, 160 செலவு, கையில் 160. மூன்றாம் மாதம் முதல் ஆர்டரின் மீதி 50-ம் புது ஆர்டரின் அட்வான்ஸ் 150-ம் வருகின்றன, கையில் 360. செலவு 240 போக 120 மிச்சம். விலையும் அதே, லாபமும் அதே, முதலும் அதே. அக்கா அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அட்வான்ஸ் இல்லாத ஆர்டருக்கு அவள் ஊசியில் நூல் கோக்கவே மாட்டாள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அட்வான்ஸ் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "காகிதமும் அட்டையும் உங்கள் ஆர்டருக்கென்றே வாங்குகிறோம், அதனால் பாதி முன்பணம்" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதையும் விலை சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். விலை பேசி முடித்து எழுந்திருக்கும்போது கேட்டால் எதிரே இருப்பவருக்கு அது புது நிபந்தனையாகத் தெரியும்.

தேதி போட்ட டைரி எங்கள் தொழிலில் தனி ரகம். வருஷக் கடைசியில் அதற்குத்தான் கிராக்கி, லாபமும் அதில்தான் கூடுதல். ஆனால் ஜனவரி தாண்டினால் அதை வாங்க ஆள் இருக்காது. தேதி இல்லாத நோட்டை அடுத்த வருஷமும் அதே விலைக்கு விற்கலாம். இரண்டும் ஒரே காகிதம், ஒரே தையல், ஆனால் ஒன்றில் போட்ட காசுக்குக் கெடு உண்டு. அதனால் தேதி போட்ட டைரியை நாங்கள் இருப்புக்காகச் செய்வதே இல்லை. ஆர்டர் கொடுத்து, முழுப் பணமும் கட்டி, திருப்பித் தர முடியாது என்று ஒப்புக்கொண்டால் மட்டும் செய்வோம். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு சரக்கு இருக்கும். பருவம் போனால் விலை போகாதது, மாடல் மாறினால் தேங்குவது, ஒரே ஒருவரின் பெயர் அச்சிட்டது. அதை மற்ற சரக்கோடு சேர்த்து ஒரே விதியில் நடத்தாதீர்கள்.

இனி நான் வாரந்தோறும் செய்யும் வேலை. ஒரு பெரிய தாளில் 13 கட்டம் போட்டுக்கொள்கிறேன், ஒரு கட்டம் ஒரு வாரம். 13 வாரம் என்றால் மூன்று மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே வாரத் தொடக்கத்தில் கையில் இருக்கும் ரொக்கம், அதன் கீழே வரவு, அதன் கீழே போக வேண்டியது, கடைசியில் மீதி. அந்த மீதி அடுத்த கட்டத்தின் தலைக்குப் போகும். இதில் ஒரே ஒரு கறாரான விதி: வர வேண்டிய பணத்தைக் கெடு தேதியில் எழுதக் கூடாது, அந்த ஆள் வழக்கமாக எப்போது கொடுக்கிறாரோ அந்த வாரத்தில் எழுத வேண்டும். முப்பது நாள் என்று சொல்லிவிட்டு ஐம்பது நாளில் கொடுப்பவருக்கு ஐம்பதுதான் கணக்கு. இப்படி எழுதினால் ஏழாவது வாரத்தில் வாடகையும் கூலியும் காகிதக் கடை பாக்கியும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது இன்றைக்கே கண்ணில் படும். ஆறு வாரம் முன்னால் தெரிந்தால் வழி இருக்கிறது. ஒரு ஆர்டரின் டெலிவரியை முன்னால் கொண்டுவரலாம், காகிதக் கடைக்காரரிடம் பத்து நாள் கேட்கலாம். அன்று காலையில் தெரிந்தால் கடன் வாங்குவதைத் தவிர வழியில்லை.

பணம் வசூலிப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். ஒரு பெரிய அலுவலகத்துக்கு நோட்டு கொடுத்து மாதக்கணக்கில் பணம் வராமல் இழுத்தது. கேட்கும்போதெல்லாம் "பில் மேலே போயிருக்கு" என்றார்கள். கடைசியில் நேரில் போய் உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்களுடைய கொள்முதல் ஆணை எண் பில்லில் இல்லாததால் கணக்குப் பிரிவில் அதை யாரும் கையில் எடுக்கவே இல்லை. அந்த எண்ணை ஆர்டர் கொடுத்தவர் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அப்போதிருந்து ஆர்டர் எடுக்கும்போதே மூன்று விஷயம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்: பில்லில் என்னென்ன இருக்க வேண்டும், பில்லை யாரிடம் கொடுக்க வேண்டும், வாரத்தின் எந்த நாளில் பணம் போடுவார்கள். சரக்கு போகிற வண்டியிலேயே பில்லும் போகும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால், "பில் சரியாக இருக்கிறதா, ஏதாவது குறை உண்டா?" என்று ஒரு போன். கடன் கேட்கிற தொனியே அதில் இருக்காது, குறை இருந்தால் அன்றே தெரிந்துவிடும். ஒருவர் பாக்கியை முடிக்காமல் அடுத்த ஆர்டர் தந்தால் நான் எடுப்பதில்லை. மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்தில் சேராமலும் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒருவர் தாமதித்தால் நம் மொத்தக் குடும்பமும் தாமதிக்க வேண்டியிருக்கும்.

கணக்கு எழுதுவதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தினமும் வந்தது, போனது, யாரிடம், எதற்கு. கூடவே ஒரு காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதுகிற பழக்கம் இருந்தால் போதும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1494-லேயே அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் அடிப்படை இதுதான். இதன் பெரிய பலன், வீட்டுச் செலவுக்கு எடுத்த பணமும் ஒரு வரியாக நோட்டில் வந்து நிற்கும். நானும் அக்காவும் மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையைச் சம்பளமாக எடுக்கிறோம். நல்ல மாதத்திலும் அதேதான். நடுவில் கல்லாவில் கை வைப்பதில்லை. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. விற்பனையோடு வசூலாகும் வரிப் பணத்தை வந்த அன்றே இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவோம். அது நம்முடைய காசு இல்லை, கொஞ்ச நாள் நம்மிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

காகிதக் கடைக்காரர் நம்பிக்கை வந்த பிறகு கடனுக்குக் கொடுக்கத் தொடங்கினார். "பத்து நாளில் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள் தம்பி, இல்லாவிட்டால் முப்பது நாள் முழுத் தொகை" என்றார். இரண்டு சதவீதம்தானே என்று முப்பது நாள் எடுத்துக்கொள்ளத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 கட்ட வேண்டிய இடத்தில் 100 கட்டுகிறோம், அதற்குக் கிடைப்பது 20 நாள் மட்டும். 20 நாளுக்கு 98-க்கு 2 என்றால் வருஷ வட்டியாக அது சுமார் 37 சதவீதம். கையில் காசு இருக்கும் வாரங்களில் பத்தாம் நாளே கட்டிவிடுகிறேன். இல்லாத வாரத்தில் முப்பது நாள் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் முப்பத்தொன்றாம் நாள் வரை விடுவதில்லை. அவர் தரும் கடன்தான் எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது முதல்.

கடைசியாக, வெளிக்கடன். வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அட்வான்ஸோடு உறுதியான ஆர்டர் கையில் இருந்து, காகிதத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைந்தால், பணம் திரும்பும் தேதி தெரிந்த கடன் அது, வாங்கலாம். போன மாத வாடகை கட்டக் கடன் வாங்குகிற நிலை வந்தால் கடனைத் தேடாமல் விலையையும் செலவையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வட்டி சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். "வருஷத்துக்கு 12 சதவீதம், பன்னிரண்டு சமத் தவணை" என்று ஒருவர் சொன்னால், அது முழு அசலுக்கும் கடைசி வரை போடும் வட்டியா, குறைந்துகொண்டே வரும் அசலுக்கு மட்டுமா என்று கேளுங்கள். முழு அசலுக்கு என்றால் 100 வாங்கி மாதம் 9.33 வீதம் 112 கட்டுவீர்கள். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால் ஆறு மாதத்தில் பாதிப் பணம்கூட உங்களிடம் இருக்காது. குறையும் அசலுக்கான கணக்கில் அது சுமார் 21.5 சதவீத வட்டி. மாதம் நூற்றுக்கு 2 என்று வாங்கிக் கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால் வருஷத்தில் 24-ல் நிற்காது, 26.8 ஆகும்.

எந்தக் கடனாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தவணையை 13 வாரத் தாளில் போக வேண்டியது பகுதியில் எழுதி, ஒவ்வொரு கட்டத்தின் மீதியையும் மறுபடி போட்டுப் பார்க்கிறோம். பெரிய வாடிக்கையாளர் மூன்று வாரம் தாமதித்தால் என்ன ஆகும் என்று இன்னொரு தடவையும் போடுவோம். இரண்டாவது தடவையிலும் எந்தக் கட்டத்திலும் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை என்றால் மட்டும் அக்கா சரி என்பாள்.